ஐந்துக்கு மூன்று

‘ஒரு நட்சத்திரம். பீர் மலிவு, அதற்காகத்தான் போனோம். முட்டை ஆறிப்போயிருந்தது. கழிப்பறைக்குப் போய்வர கட்டுச்சோறு வேண்டும், அவ்வளவு தூரம். பெவ் என்ற கிழவி எங்களுக்கு அடுத்த சுற்று ஊற்ற மறுத்து, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாள். இவளையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது?’

இதை இணையத்தில் எழுதியவன் அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் பப்பில் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தான். கன்னத்தில் பீன்ஸ் ஒட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின கும்மாளம் என்று மான்செஸ்டரிலிருந்து முதல் ரயிலில் எட்டுப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். இவன்தான் மாப்பிள்ளை. பெவ் ஈரத்துணியால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டு, “இவனுக்கு இனிமே தண்ணிதான். குழாய்த் தண்ணி” என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. நிதானம் தப்பியவனுக்கு ஊற்றினால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது, கம்பெனியும் வருஷாவருஷம் பாடம் நடத்திக் கையெழுத்து வாங்குகிறது. அந்தக் கம்பெனிதான் திங்கட்கிழமை அவளை விசாரணைக்குக் கூப்பிட்டது. பெயர் சொல்லி வந்த புகாராம்.

எங்கள் ஊர் ரேக்கன்ஷாவில் அந்த பப்பை யாரும் அதன் பெயரால் சொல்வதில்லை. ‘குளம்’ என்றுதான் சொல்வோம். நகராட்சி நீச்சல்குளமாக இருந்த கட்டடம் அது. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற கம்பெனி அதை வாங்கி, குளத்தின் அடித்தளத்திலேயே கம்பளம் விரித்து மேஜை போட்டது. தரை இன்றும் ஒரு பக்கமாகச் சரிகிறது. சுவர் ஓடுகளில் ‘3 அடி’, ‘6 அடி’ என்ற எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. வெளியூர்க் கும்பல்கள் ஆறடிப் பக்கம் உட்காரும். மூன்றடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பெரிசுகளுடையது. ஹீட்டர் அங்கேதான். காபி ஒருமுறை வாங்கினால் போதும், எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். வீட்டில் ஹீட்டரைப் போடக் கணக்குப் பார்க்கிறவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்வரை அங்கே உட்கார்ந்துதான் குளிரைக் கழிக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். “சும்மா பேப்பர் பாக்க வந்தேன்” என்பார்கள்.

நான் அங்கே தட்டு தூக்குகிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். தட்டு தூக்க அது தேவைப்படவில்லை. பெவ் எனக்குப் பக்கத்து வீடு. மேட்டுத் தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒற்றைச் செங்கல் சுவர்தான் நடுவில். அவள் புருஷன் கீத்தின் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிற சத்தம் என் தலைமாட்டில் கேட்கும்.

கீத் கல் சுத்தம் செய்கிற வேலை பார்த்தவர். புகைக்கரி பிடித்துக் கறுத்துப்போன பழைய மில் சுவர்களை மணல் பீய்ச்சி வெளுப்பாக்குகிற வேலை. இன்றைக்கு அந்த மில்களில் பணக்காரர்கள் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறார்கள். சுவரெல்லாம் தேன் நிறம். கீத்தின் நுரையீரலில் மணல். மூக்கில் குழாயோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தனியாக விடக்கூடாது. போன வருஷம் குழாய் நாற்காலிக் காலில் மடங்கிக்கொண்டதில் மனிதர் நீலமாகிவிட்டார். அன்றிலிருந்து காலையில் அவர் தங்கை ஜீன் வந்து உட்காருகிறாள். இரண்டு மணிக்கு அவள் பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கப் போகவேண்டும். அதற்குள் பெவ் வீட்டில் இருப்பாள். காலை ஷிஃப்ட்டின் பொறுப்பாளர் என்பதால் அவளுக்கு நேரம் நிலையானது. விடிகாலையில் போய்க் கதவு திறப்பாள், பீர்க் குழாய்களைக் கழுவுவாள், ஃபிரிட்ஜ்களின் குளிரைப் பார்ப்பாள், எண்ணெய் மாற்றுவாள், முதல் ஐம்பது காலைச் சாப்பாட்டை அனுப்பிவிட்டு மதியம் கிளம்புவாள். பொறுப்பு போனால் அந்த நேரமும் போகும். மற்றவர்களான எங்களைப்போல ஞாயிற்றுக்கிழமை போனில் வருகிற நேரத்தைப் பார்த்து ஓடவேண்டும். பாதிக்கு மேல் சாயங்காலமாகத்தான் வரும்.

அதாவது, அந்த ஒரு நட்சத்திரத்தின் கீழே ஒரு மனுஷனின் மூச்சு இருந்தது.

மேனேஜர் கானர் கெட்டவன் இல்லை. முதுகெலும்பு கொஞ்சம் குறைவு. “பெவ், என் கைல ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமை விசாரிக்க மேலேர்ந்து ஃபிலிப்பா வர்றா. அதுக்குள்ள உங்க பேர் போட்டு நாலு பேரு நல்லதா எழுதினா நான் எடுத்துப் பேசலாம்” என்று கவுண்டரில் நின்று சொன்னான். மூன்றடிப் பக்கத்தில் வில்ஃப் ஹாவொர்த் பேப்பரைத் தாழ்த்தினார். அவருக்குக் காது கேட்காது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. அன்று வில்ஃப் மூன்றடிப் பக்கத்தை மொத்தமாகக் கிளப்பி நூலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் பெரிசுகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பாள். பதினேழு பேரும் வரிசையாக உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பெவ்வைக் காப்பாற்ற எழுதினார்கள்.

புதன்கிழமை நான் வேலைக்குள் நுழைந்ததும் கானர் என்னைச் சமையலறைக்குப் பின்னால் இழுத்துப்போனான். முகம் வெளிறியிருந்தது.

“ஷானன், இவங்களுக்கு என்ன பைத்தியமா? படி.”

படித்தேன்.

‘மூன்று நட்சத்திரம். ஒன்பது வருஷமாக வருகிறேன். இன்னும் சாகவில்லை. பெவ் பரவாயில்லை. – வி. ஹாவொர்த்.’

‘மூன்று நட்சத்திரம். பட்டாணி கெட்டி. பெவ்விடம் சொன்னேன், வேறு கொண்டுவந்தாள். அதுவும் கெட்டி. ஆனால் கொண்டுவந்தாள்.’

‘மூன்று. கம்பளம் கண்ணைக் குத்துகிறது. என் மனைவி இறந்துபோன வாரத்தில் அவள் உட்காருகிற நாற்காலியை வேறு மேஜைக்காரர்கள் எடுக்க வந்தார்கள். பெவ் எடுக்க விடவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கழிப்பறைக்கு ரொம்ப தூரம்.’

‘இரண்டு நட்சத்திரம். பெவ் நல்ல பெண். மூன்று கொடுத்தால் தலைக்கு ஏறிவிடும் என்று ஒன்று குறைத்திருக்கிறேன்.’

இப்படிப் பதினேழு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தியைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு உருகிப் பேசி நான் கேட்டதில்லை. சாவு வீட்டில்கூட “ஆளு மோசமில்ல” என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நாங்கள்.

“என்ன அழுற? தலைமை ஆபீஸ்ல இதெல்லாம் மனுஷங்க படிக்கறதில்ல. மெஷின் பிரிக்குது. வேலை பாக்கறவங்க பேர் இருந்து, மூணோ அதுக்குக் கீழயோ இருந்தா, அது புகார். ஒரே நாள்ல பெவ் மேல பதினேழு புகார். நாடு முழுக்க எந்தக் கிளைலயும் இப்படி ஒருத்தர் மேல வந்ததில்லையாம். ஃபிலிப்பா போன்ல கத்தறா” என்றான் கானர்.

நான் ஏப்ரனைக்கூடக் கட்டாமல் மூன்றடிப் பக்கம் போனேன். வில்ஃப், ஐரீன், நாற்காலிக்காரர் ஸ்டான், இன்னும் நாலைந்து பேர். எல்லார் முகத்திலும் நல்ல காரியம் செய்த களை.

“படிச்சியா புள்ள?” என்றார் வில்ஃப்.

“படிச்சேன். பெவ் கழுத்துல கயித்தப் போட்டு நாற்காலியையும் உதைச்சு விட்டுட்டீங்க.”

“என்னத்த சொல்ற?”

“அஞ்சு போடணும் வில்ஃப்! நல்லா இருக்குன்னா அஞ்சு. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் போடுது.”

“அஞ்சா?” ஐரீன் கப்பைக் கீழே வைத்தாள். “அஞ்சு எவன் போடுவான்? ராணி வீட்டு விருந்தா இது?”

“மூணுன்னா கம்பெனிக்கு அது புகார்.”

“மூணு எப்படி புகாராகும்?” வில்ஃப்பின் குரல் உயர்ந்தது. “அஞ்சுக்கு மூணு பாஸ். பாஸுக்கும் மேல. நான் பள்ளிக்கூடத்துல அஞ்சுக்கு மூணு வாங்கினதே இல்ல. என் கல்யாணத்துக்கே மூணுதான் குடுப்பேன். அம்பத்தோரு வருஷம் ஒண்ணா இருந்தோம்.”

“உன் மாரீன் உனக்கு எத்தன குடுத்தா?” என்றார் ஸ்டான்.

“அவ எழுதல. அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.”

“தப்பிச்ச.”

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆறு மேஜை தள்ளி பெவ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பவே இல்லை.

“சரி, இப்ப அஞ்சா மாத்திடறோம். நூலகம் இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்கு” என்று வில்ஃப் கோட்டை எடுத்தார்.

“வேணாம். நான் கானர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். பிரிண்ட் எடுத்துட்டாங்க. இப்ப மாத்தினா பெவ் மிரட்டி மாத்த வெச்சாங்கன்னு ஆகும்.”

வில்ஃப் ஒரு கை மட்டும் நுழைத்த கோட்டோடு நின்றார். பிறகு அந்தக் கையையும் உருவிக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பின் அன்றைக்கு அவர் காபி நிரப்ப எழுந்திருக்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு பெவ் வீட்டுக்குப் போனேன். மேட்டுத் தெருவில் மழை சாய்வாக அடித்தது. மாவுக்குள் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட ‘பை’, ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ், மூன்று தட்டு. நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு அவளோடு உள்ளே போகிற துணை நான்தான். விசாரணையில் கூட வேலை செய்கிற ஒருத்தர் உட்காரலாம். பேசலாம். ஆனால் அவளைக் கேட்கிற கேள்விக்கு அவளுக்குப் பதிலாக நான் சொல்லக்கூடாது. விதி அப்படி.

“சாப்பிடு கண்ணு, ஆறிடும்” என்றாள் பெவ்.

“பெவ், உக்காருங்க. பழகிப் பாக்கணும். நான்தான் ஃபிலிப்பா. ‘உங்க வேலையைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?’”

“என்னத்த நெனைக்க. போறேன், வர்றேன்.”

“அய்யோ.”

“பின்ன என்ன, ‘நான் ரொம்பப் பிரமாதமா ஊத்திக் குடுப்பேன்’னு நானே சொல்லவா? வாய் கூசாதா?”

“சொல்லணும். அவங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் காலேஜ்ல பாத்தேன். ஒண்ணுமே தெரியாதவன்கூட கையத் தூக்கி ‘இதுல எனக்கு நல்ல அனுபவம் இருக்கு’ம்பான். நாம தெரிஞ்சும் வாய மூடிட்டு உக்காந்திருப்போம். கடைசில அவனுக்கு வேலை, நமக்கு ஏப்ரன்.”

ஜன்னலோரத்திலிருந்து கீத் கையை உயர்த்தினார். அவர் பேசுவதற்கு முன் மூச்சைச் சேர்க்கவேண்டும். நாங்கள் காத்திருந்தோம்.

“பதினாறு வருஷம்,” என்றார். மூச்சு. “ஒரு நாள் லேட்டா போயிருக்கியா?”

“பஸ் வராத அன்னிக்கு.”

“நடந்து போன.” மூச்சு. “பனில. சொல்லு. ‘நான் நல்லா வேலை செய்வேன்.’”

பெவ் முட்டைக்கோஸைக் குத்தினாள்.

“சொல்லு பெவ்.”

“விடு கீத்.”

“நான் மூச்சு விடவே,” அவர் முகம் சிவந்தது, “இந்தப் பாடு படறேன். நீ நாலு வார்த்த சொல்ல... இவ்வளவு...”

இருமல் வந்துவிட்டது. பெவ் பாய்ந்து போய் அவரை முன்னால் சாய்த்து முதுகில் உள்ளங்கையைக் குவித்துத் தட்டினாள். குழாயைச் சரிபார்த்தாள், மெஷினில் நீர் மட்டம் பார்த்தாள், துணியை வாயருகே பிடித்தாள். ஒரு அசைவு வீணில்லை. இருமல் அடங்கியதும் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “நாளைக்குச் சொல்லிடுவேன். போதுமா ரெண்டு பேருக்கும்?” என்றாள்.

வியாழக்கிழமை. மாடியில், அந்தக் காலத்தில் குளத்துக்கு டிக்கெட் கொடுத்த அறைதான் இப்போது அலுவலகம். ஃபிலிப்பாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். தெற்கத்திப் பேச்சு. நல்ல பூட்ஸ். ஊருக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்காத எரிச்சல் அவளிடம் இன்னும் மிச்சமிருந்தது. கானர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தான். பெவ் சலூனில் தலை அலங்காரம் செய்துகொண்டு வந்திருந்தாள். தலைமயிர் அசையாமல் நின்றது.

“பெவர்லி, முதல்ல அந்தச் சனிக்கிழமை சமாச்சாரம். கேமரா பாத்தோம். நீங்க மறுத்தது சரிதான். அதுல உங்க மேல தப்பில்ல” என்றாள் ஃபிலிப்பா.

நான் மூச்சை விட்டேன்.

“ஆனா இந்தப் பதினேழையும் நான் அப்படி ஒதுக்க முடியாது.”

“நான் பேசலாமா?” என்றேன். பேசலாம் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் மூன்று என்றால் என்ன, ‘பரவாயில்லை’ என்றால் என்ன, ஸ்டானின் நாற்காலி, எல்லாம். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“புரியுது ஷானன், நிஜமாவே. நல்ல கதை. அப்ப இந்த ஊர்ல ரொம்பத் திருப்தியான ஒருத்தர் அஞ்சு போட்டா அது எப்படி இருக்கும்?”

“யாரும் போடமாட்டாங்க.”

“அப்ப நான் அதை மேல எப்படிக் காட்டுவேன்? ‘ரேக்கன்ஷா கணக்கு வேற’ன்னு ஒரு கட்டம் அந்த ஃபாரத்துல இல்ல.” பேனாவை மூடித் திறந்தாள். “ஒண்ணு செய்வோம். எழுதினவங்க யாரும் இங்க இல்ல. பெவர்லி இருக்காங்க. பெவர்லி, நீங்களே சொல்லுங்க. ஒரு பொறுப்பாளரா உங்களுக்கு நீங்க எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க? அஞ்சுன்னு சொல்லி, ஏன்னும் சொன்னீங்கன்னா, அதை வெச்சு நான் சண்டை போடறேன். இல்லேன்னா எனக்குப் பிடிமானமே இல்ல.”

கேள்வி பெவ்வுக்கு. நான் வாயைத் திறக்கக்கூடாது.

கீழே காபி மெஷின் சீறியது. யாரோ கரண்டி விழவிட்டார்கள். மூன்றடிப் பக்கத்தில் யாரும் பேசவில்லை என்பது மேலே இருந்தே தெரிந்தது. மற்ற நாட்களில் அங்கிருந்து இருமலும் ஏச்சும் படியேறி வரும்.

பெவ் மடியில் கையைக் கோத்திருந்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. காது வரைக்கும் போனது. சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தாள். கீத்தை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. உதடு ‘அ’வுக்குத் திறந்தது. சொல்லுங்க பெவ். சொல்லித் தொலைங்க.

“நாலு” என்றாள்.

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கானர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவனும் இந்த ஊர்க்காரன். ரேக்கன்ஷாவில் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அதிகபட்சத்தை அப்போதுதான் கேட்டோம். கூரைமேல் ஏறி நின்று கூவியிருந்தாலும் அவளுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

“நாலு,” ஃபிலிப்பா எழுதினாள். “அப்ப முன்னேற இடம் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

“எல்லாருக்கும் இருக்குமில்ல” என்றாள் பெவ்.

கால் மணி நேரத்தில் முடிந்தது. வேலை இருக்கும். பொறுப்பு இல்லை. திங்கட்கிழமையிலிருந்து நேரம் போனில் வரும்.

படியிறங்கும்போது நான் கெட்ட வார்த்தையில் பேசிக்கொண்டே வந்தேன். பெவ் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கினாள். மூன்றடிப் பக்கம் மொத்தமும் திரும்பியது. வில்ஃப் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“என்ன ஆச்சு பெவ்?”

“பரவால்ல,” என்றாள் அவள். போகிற வழியில் அவர் மேஜையிலிருந்த காலிக் கப்பை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குரலை வைத்து எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஐரீன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமைக்கு வந்த நேரம்: மாலை ஐந்திலிருந்து மூடும்வரை. எனக்கும் அதே. ஜீன் பள்ளிக்கூடத்திலிருந்து வர எட்டாகும். நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கீத் தனி. நாலரைக்கு நான் கோட்டு போட்டுக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே பெவ்வும் கோட்டோடு நின்றாள், கையில் போன். முதல் நாளே வரமுடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கீத் சைகையில் ‘போ, போ’ என்றார். அவள் போகவில்லை. எண்ணை அழுத்தவும் இல்லை.

அப்போது மழையில் யாரோ மேடேறி வருவது தெரிந்தது. இரண்டு வீட்டுக்கு ஒருமுறை நின்று, சுவரைப் பிடித்து, திரும்ப ஏறி. வில்ஃப். அக்குளில் பேப்பர். கோட்டுப் பையில் ஃபிளாஸ்க். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், இருட்டினபின் வீட்டைவிட்டு வெளியே வருகிற ஆளில்லை அவர். அந்த மேட்டைப் பத்து வருஷமாக ஏறியதும் இல்லை.

வாசலுக்கு வந்து மூச்சு வாங்கினார். மன்னிப்பு மாதிரி எதையும் சொல்லவில்லை.

“ஹீட்டர் ஓடுதா?” என்றார்.

“ஓடுது” என்றாள் பெவ்.

“கீத்த எனக்கு மில் காலத்துலேர்ந்து தெரியும். அவன் பேச ஆரம்பிச்சா தாங்காது. பேப்பர் கொண்டாந்திருக்கேன்.” காலணியை மிதியடியில் தேய்த்தார். “நாளைக்கு ஸ்டான் வருவான். புதன்கிழமை ஐரீன்.”

பெவ் அவரையே பார்த்தாள். பிறகு வேகமாக, வரிசையாகச் சொன்னாள்: “குழாய் நாற்காலிக் கால்ல மாட்டக்கூடாது. அஞ்சரைக்கு மாத்திரை. இருமினா முன்னால சாய்க்கணும். ஜீன் நம்பர் சுவத்துல.”

“போ பொம்பள. நேரமாச்சு.”

அவள் போனைப் பைக்குள் போட்டாள். நாங்கள் மேட்டைவிட்டு இறங்கத் தொடங்கினோம். என் கோபம் தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. நல்ல பூட்ஸ் போட்டவள் செய்த வேலைக்கு, எண்பது வயதுக் கிழவன் மழையில் மேடேற வேண்டியிருக்கிறது. கீத் உட்காரும் ஜன்னலைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து வில்ஃப்பின் குரல் கேட்டது. காது கேட்காதவர் பேசுகிற பெரிய குரல்.

“கழிப்பறை எங்க இருக்கு?”

கீத் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, “மாடில” என்றார்.

“மாடியா? அப்ப ரெண்டுதான்.”

பெவ் நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வா கண்ணு,” என்றாள், “பஸ் போயிடும்.”